ஆசை நாயகியைச் சுரண்டியவர்

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தனி இனம். குழாய் ஒழுகினாலும், கதவு மூட மறுத்தாலும், அடுத்த வீட்டுக்காரரின் கார் நடுத்தெருவில் நின்றுபோனாலும், அவர்கள் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மடிப்பார்கள். அதோடு அந்த வீட்டின் நிம்மதி போயிற்று.

நம் மருந்துக்கடைக்காரர் இந்த இனத்தில் அசல் சரக்கு. பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தார். சின்னப் படகு, நீல நிறம், ஓட்டை உடைசல் கிடையாது. ஒரே ஒரு குறைதான். பக்கவாட்டில், முழ உயர மஞ்சள் ஸ்டிக்கர் எழுத்தில், "என் ஆசை நாயகி" என்று ஒட்டியிருந்தது. பழைய சொந்தக்காரர் யாரை நினைத்து ஒட்டினாரோ, நமக்கெதற்கு?

காயல் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த படகைப் பார்த்ததும் மனைவி அங்கேயே நின்றுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. இந்தப் பேரைப் போட்டுக்கிட்டு நான் இதுல ஏறி உக்காந்தா, என்னை என்னன்னு நினைப்பாங்க?"

"வெறும் ஸ்டிக்கர்மா! இதெல்லாம் ஒரு வேலையா?"

படகுத்துறை மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "சார், கொஞ்சம் சூடு காட்டினா உரிஞ்சு வந்துடும். பண்ணித் தரட்டுமா?"

"உங்க வேலையைப் பாருங்க, நான் பாத்துக்கறேன்."

போச்சு! இனிமேல் சூடு காட்டினால் அவர் கௌரவம் என்னாவது? முதலில் நகத்தால் சுரண்டினார், பிறகு சாவியால் நெம்பினார், பிறகு கடையிலிருந்து சர்ஜிக்கல் பிளேடும் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து, ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயிலில் காய்ந்து அப்பளமாகியிருந்த ஸ்டிக்கர் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர உரியவில்லை. கட்டைவிரல் வீங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் அவருக்குக் கிடைத்த வெற்றி, கடைசி எழுத்தான "கி" மட்டும்தான்.

மிச்சம் இருந்ததை நீங்களே படித்துப் பாருங்கள். ஒரு புள்ளி வைத்தால் போதும்.

தண்ணீரில் போன படகுக்காரர்கள் அவரைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை, மெக்கானிக் வருமுன் அவர் படகடிக்குப் போனார். பைக்குள் மனைவியின் ஹேர் டிரையர். சூடு பட்டதும் ஒவ்வோர் எழுத்தும் வாழைப்பழத் தோலாக வந்தது. பசையைத் துடைத்தார். மார்பை நிமிர்த்தி மனைவியைப் போனில் கூப்பிட்டார். அப்புறம்தான் தாமே ஒரு முறை தள்ளி நின்று பார்த்தார்.

பல வருஷ வெயிலில் படகு வெளுத்திருந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் நீலம் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது. அந்தக் கருநீலத்தில் "என் ஆசை நாயகி" பளிச்சென்று தெரிந்தாள்.

"முன்னே ஒட்டியிருந்தது. இப்ப பச்சை குத்தின மாதிரி ஆக்கிட்டீங்க!" என்றார் சாப்பாட்டுக் கூடையோடு வந்து சேர்ந்த மனைவி.

அப்போது பார்த்துச் சம்பந்தியின் கார் வந்து நின்றது. சம்பந்தி சம்பந்தியம்மாவோடு இறங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, "என்... ஆசை..." என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். மனைவி ஓடிப்போய் எழுத்தை மறைத்து நின்றார். ஓர் ஆள் எத்தனை எழுத்தை மறைக்க முடியும்? மருந்துக்கடைக்காரருக்கு அந்தப் படகுக்கு அடியிலேயே படுத்துவிடலாமா என்றிருந்தது.

சம்பந்தி கைக்கடிகாரத்தைக் கழற்றினார். "பாலிஷ் போட்டுத் தேய்க்கணும் சம்பந்தி. தள்ளுங்க, உங்களுக்கு வராது."

"எனக்கா வராது?"

ஆளுக்கொரு துணியோடு இருவரும் தேய்த்தார்கள். ஒருவர் நிறுத்தினால்தானே மற்றவர் நிறுத்துவார்! எழுத்து மங்க மங்க, அந்த இடம் மட்டும் தனியாக மின்னியது. ஆகவே பக்கம் முழுவதையும் தேய்க்க வேண்டியதாயிற்று. பெண்கள் இருவரும், காயலில் மிதக்காத அந்தப் படகுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள்.

"எங்க வீட்ல போன மாசம் ஃபேனைக் கழட்டினாரு. இன்னும் மாட்டல," என்றார் சம்பந்தியம்மா.

கல்யாணத்தன்றுகூட ஒட்டாத இரண்டு பெண்களும் அன்றைக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பொழுது சாயும்போது நாயகி சுத்தமாக மறைந்துவிட்டாள். படகுச் சவாரிக்கு எழுந்து நிற்க ஆண்களால் முடியவில்லை.

அது போகட்டும். அவர் பிளேடை எடுத்த இடத்தில், "அட மனுஷா, அதை இப்படியா பண்ணுவாங்க?" என்று உங்களுக்குக் கை துறுதுறுத்ததா? அப்படியென்றால் தயவுசெய்து உடனே கிளம்பி வாருங்கள். படகுக்கு இரண்டு பக்கம் உண்டு. பெயரை இரண்டிலும்தான் ஒட்டியிருக்கிறார்கள்.