மை இருந்தால்தான் களி

இந்த நாட்டில் நாடாளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்காமல் ஓட்டுப் போடுவதைக் கட்டாயமாக்கிய ஒரே மனிதர், ஓசூரில் மெஸ் நடத்திக்கொண்டிருந்தார். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கட்டாயம் அண்ணன், அவ்வளவுதான். ரசம் கட்டாயம், இலையை மடிப்பது கட்டாயம், கை கழுவினால் குழாயை மூடுவது கட்டாயம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். பாகலூர் ரோட்டுப் பக்கம் எங்கள் தொழிற்பேட்டையில் மூன்று ஷிஃப்டுக்கும் சூடாகக் களி கிண்டிப் போட அவரை விட்டால் ஆள் கிடையாது. அதனால் அவர் சொன்னதுதான் எங்களுக்கு அரசியல் சட்டம்.

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் மெஸ் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிட வருகிறவன் இடது கை ஆட்காட்டி விரலை நீட்ட வேண்டும். மை இருந்தால் உள்ளே இலை. இல்லாவிட்டால், "போ கண்ணு, அஞ்சு வருஷம் கழிச்சி வா" என்பார். வேடிக்கை என்னவென்றால், அண்ணனின் இடது கையில் அந்த விரலே கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால் ஒருத்தனிடம் கரும்பு மெஷின் என்பார், இன்னொருத்தனிடம் நாய் கடித்தது என்பார். என்னிடம் முதலை என்றார். தென்பெண்ணையில் முதலை ஏது என்று நானும் கேட்கவில்லை.

எங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்ட் சேகர் ஒரு தடவை ஓட்டுப் போடாமல் தூங்கிவிட்டு, கம்பெனி மார்க்கர் பேனாவால் விரலில் கோடு போட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் உற்றுப் பார்த்தார், சிரித்தார், தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். "ஆள் வரல கண்ணு, இந்த அண்டாவ மட்டும் கொஞ்சம் தேச்சிக் குடு" என்று புளியையும் தேங்காய் நாரையும் கையில் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அண்டா பளபளத்தது, சேகரின் விரலும் பளபளத்தது. "ரெண்டும் சுத்தமாய்டுச்சி, கெளம்பு" என்றார்.

அவரும் சறுக்கியிருக்கிறார். எங்கள் கேட் செக்யூரிட்டி மஞ்சுநாத்துக்கு வீடு அத்திப்பள்ளியில். மை இல்லை என்று அவனையும் துரத்திவிட்டார். அவன் பாவம், பேசாமல் டூட்டிக்குப் போய்விட்டான். மதியம் நான்தான் சொன்னேன், "அண்ணே, அவனுக்கு ஓட்டு கர்நாடகாவுல. அங்க அடுத்த வாரம்தான் தேர்தல்."

அண்ணனுக்கு முகம் செத்துப்போனது. பக்கத்து ஊர்க்காரன் வேறு தேதியில் ஓட்டுப் போடுவான் என்று அவர் யோசித்ததே இல்லை. கேரியரில் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு அவரே கேட்டுக்குப் போய், மஞ்சுநாத் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பரிமாறினார். அன்றே புதுச் சட்டம் வந்தது, அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு வாரம் தவணை. எட்டாம் நாள் அவன் விரலையும் விடாமல் பார்த்தார், அது வேறு விஷயம்.

எனக்கு இந்த அட்டகாசம் பிடிக்கவில்லை. ஒரு நாள் சொல்லியே விட்டேன். "அண்ணே, ஓட்டுப் போடறது என் உரிமை. போடாம இருக்கறதும் என் உரிமை. நீங்க யாரு கட்டாயப்படுத்த?"

"ஹெல்மெட்டு கட்டாயம், வரி கட்டாயம். இது மட்டும் உன் இஷ்டமா?"

"யாரையும் பிடிக்கலன்னா?"

"அதுக்கும் ஒரு பட்டன் வெச்சிருக்கான் இல்ல? பிடிக்கலன்னு அங்க போயி சொல்லு. வூட்ல படுத்துக்கினு சொன்னா எவனுக்குக் கேக்கும்?"

மறுநாள் மெஸ்ஸில் எதிலும் உப்பில்லை. அறுபது பேரும் என்னவென்று கேட்க, "உப்பு போடறது என் உரிமை. போடாம இருக்கறதும் என் உரிமையாம். இந்தத் தம்பிதான் சொன்னாப்ல" என்று என்னைக் கை காட்டினார். ஒரு வாரம் எவனும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கையோடு ஃபாரம் வாங்கி வந்து, திருவாரூரில் இருந்த என் ஓட்டை ஓசூருக்கு மாற்றவும் வைத்தார்.

அடுத்த தேர்தல் வந்தது. நான் அப்போது இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் மூன்று வருடமாக டிரெய்னி. பர்மனென்ட் லிஸ்ட் தயாராகிக்கொண்டிருந்தது. அதிலும் பேர் வராவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஓட்டு நாள் லீவுதான், ஆனால் சூப்பர்வைசர் முந்தின நாளே காதில் போட்டுவிட்டார். "நாளைக்கு வர்றவன் பேரு எனக்கு ஞாபகம் இருக்கும்." போனேன். வராத ஆளுக்கும் சேர்த்து இரண்டு மெஷின் என் தலையில்.

மதியம் மூன்று மணிக்கு மஞ்சுநாத் கேட்டிலிருந்து போன் பண்ணினான். கட்டாயம் அண்ணன் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாராம், என்னைக் கூட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பாராம். மானம் போனது. சூப்பர்வைசரும் கடுகடுவென்று என்னோடு வந்தார்.

"இது கம்பெனி, உங்க மெஸ் இல்ல. ஓட்டுப் போடறதும் போடாததும் அவன் இஷ்டம்."

"அவன் ஓட்டுப் போட்டுட்டு வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கறன் சார். வரலன்னா என்னப் புடிச்சி வெச்சிக்குங்க." பிறகு என்னைப் பார்த்து, "எத்தினி மெஷினு பாக்கற?" என்றார்.

"ரெண்டுண்ணே."

அண்ணன் இடது கையைத் தூக்கி மஞ்சுநாத்தின் மேஜை மேல் வைத்தார்.

"எனக்கும் ரெண்டுதான் சார் குடுத்தாங்க. அன்னிக்கும் ஓட்டு நாளுதான். மத்தவன்லாம் ஓட்டுப் போடப் போய்ட்டான். நல்ல பேரு வாங்கலாம்னு நான் நின்னன். மை வெக்கற வெரலுதான் பிரஸ்ல போச்சி."

சூப்பர்வைசர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டுப் போய்ட்டு வா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

போய்ப் போட்டுவிட்டு வந்தேன். அந்த லிஸ்டில் என் பேர் வரவில்லை. ஆனாலும் ஊருக்குப் போகச் சொல்லவில்லை, இன்னும் ஒரு வருடம் டிரெய்னி என்றார்கள். அந்த ஒரு வருடமும் என் இலையில் மட்டும் ஒரு உருண்டை களி அதிகமாக விழுந்தது. அடுத்த லிஸ்டில் பேர் வந்தது.

மெஸ்ஸை மூடிவிட்டு அண்ணன் இப்போது காவேரிப்பட்டினத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஓட்டுப் போடுவதைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கலாமா என்று கேட்டால் நான் இன்றைக்கும் கூடாது என்றுதான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு தேர்தலன்றும் ஓட்டுப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பாமல் எனக்குச் சோறு இறங்காது.

மையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதுவதில்லை. "பத்தும் இருக்குது கண்ணு. போய் சாப்பிடு" என்றுதான் எப்போதும் பதில் வரும்.