டமார் பிட்டர் இறங்கிய இடம்

இலங்கை மலைநாட்டில், தோட்டத்தை ஆளும் துரைக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று அட்டை, மற்றொன்று டமார் பிட்டர். அட்டையாவது உப்பைக் கண்டால் சுருண்டுவிடும். பிட்டருக்கு அந்தப் பலவீனமும் கிடையாது.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் அவர். சொந்தப் பெயர் பெற்றவளுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். உலக யுத்தம் முடிந்து பட்டாளம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஆலையில் கழித்துப் போட்ட சாமான்களை மாட்டி உயிர் கொடுத்திருந்தார். பின் சீட்டு தேயிலைப் பெட்டிப் பலகை. ஒவ்வொரு திருப்பத்திலும் அது ‘டமார்’ என்று வெடிக்கும். அந்தச் சத்தத்தில் தன் கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன என்று தேநீர்க்கடை முதலாளி சத்தியம் செய்வார்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம். துரை பங்களாவைக் கடக்கும்போது குடை பிடித்தவன் குடையை மடக்க வேண்டும், முண்டாசு கட்டியவன் அவிழ்க்க வேண்டும், சைக்கிளில் வருகிறவன் இறங்கித் தள்ள வேண்டும். மழை கொட்டினாலும் அப்படித்தான். துரை வீட்டில் இல்லாவிட்டால் துரையின் நாற்காலிக்கு அந்த மரியாதை. சுதந்திரம் வந்தது, கொடி மாறியது. குடைகள் மட்டும் மடங்கியே இருந்தன.

பிட்டர் மட்டும் சொல்வார்: “எனக்கு வண்டியில ஏறத் தெரியும். எறங்கத்தான் தெரியாதுங்க.”

அதனால் பங்களா இல்லாத பாதைகளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அட்டனுக்கு முடிவெட்டப் போனால், காட்டையும் ஆற்றையும் சுற்றித் திரும்பி வருவதற்குள் முடி பழையபடி வளர்ந்துவிடும்.

நான் அப்போது தலவாக்கலைப் பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் என் அக்காவோடு பட்டிப்பொலைப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருந்தாள். ஒரு மழைநாள் காலையில் லாரிக்காரர் ஒருவர் கடைவாசலில் நின்று சொன்னார்: “தம்பி, ஆத்தாவுக்கு மூச்சு எளைக்குது. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே கெடக்குதாம்.”

அவர் லாரி தாண்டி வந்த பிறகு மலை சரிந்து ரயிலும் இல்லை, தார் ரோடும் இல்லை. நான் வாசலிலேயே நின்றேன். எண்ணெய் வாங்க வந்த பிட்டர் காதில் இது விழுந்தது.

“ஏறு.”

“எப்பிடிங்க? ரோடுதான் அடைச்சுப் போச்சே.”

“ரோடு தொரைமாருக்கு. நமக்கு மலை இருக்குல்ல? ஏறுடா!”

அந்தப் பயணத்தை என் முதுகெலும்பு இன்னும் மறக்கவில்லை. தேயிலை மலைக்குக் குறுக்கே, கொழுந்துக்காரிகள் நடக்கிற ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். புல்வெளியில் பனி மூடி முன்சக்கரமே தெரியவில்லை. ஒரு காட்டெருமை எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. ஓடையொன்றில் வண்டி மூச்சடைத்து நிற்க, அருகே மரக்கறித் தோட்டத்தில் நின்ற சிங்களப் பெரியவர், “கொஹேத யன்னே?” என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவருக்குப் பிட்டர் என்னைக் காட்டி, “அம்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வண்டியைத் தூக்கிவிட்டார்.

மத்தியானம் தாண்டி அம்மாவின் தோட்டத்துக் கேட்டுக்கு வந்தோம். உள்ளே பங்களா. அதற்கு அப்பால் லயம் இன்னும் மூன்று மைல். காவலுக்கு நின்ற வாச்சர் கேட்டைத் திறக்காமல் தடியை நீட்டினார்.

“எறங்கித் தள்ளுங்க. தொரை வெளியில உக்காந்திருக்காரு.”

“சுத்துப்பாதை இருக்குமேண்ணே?” என்றேன் நான்.

“இருக்கு. பள்ளத்துல எறங்கி மறுபடி ஏறணும். பொழுது சாஞ்சுரும்,” என்றார் பிட்டர்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கினார்.

முண்டாசையும் அவிழ்த்துத் தோளில் போட்டார். ரோஜாப் பாத்திகளுக்கு நடுவே அந்தப் பட்டாளத்து எருமையை மேட்டில் தள்ளினோம். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. பங்களா விறாந்தையில் துரை பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. நிமிர்ந்து பார்த்து அதட்டியிருந்தால்கூட, எங்களை மனிதராய் மதித்ததாக ஆகியிருக்கும்.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. “என்னடா, மொதலாளி லீவு குடுத்தானா?” என்றாள். என் கையால் கஞ்சித் தண்ணீர் குடித்தாள். பொழுது சாயும்போது போய்விட்டாள்.

மறுநாள் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் பிட்டர். அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பும்போது பங்களா வந்தது. அவர் இறங்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. ஊர்வலத்தில் சாமி போவதுபோல மெல்ல மெல்ல, முண்டாசோடு, டமார் டமார் என்று விறாந்தையை ஒட்டி ஓட்டினார். அப்போது துரை எழுந்தார்.

எழுந்தவர் நேரே டெலிபோனுக்குப் போயிருக்க வேண்டும். நாங்கள் தலவாக்கலை வந்து சேருமுன்பே செய்தி வந்து காத்திருந்தது. பிட்டருக்கு வேலைநீக்கப் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலை போனால் தோட்டம் கொடுத்த குடியிருப்பு அறையான காம்பராவும் போய்விடும். எந்தத் தோட்டமும் அவரைச் சேர்க்கவில்லை. சுதந்திரத்துக்குப் பின் தோட்டத் தமிழரிடமிருந்து பறித்த பிரஜாவுரிமையைக் கேட்டு அவர் போட்டிருந்த மனுவும் தள்ளுபடி. இந்த மண்ணில் பிறந்த மனிதர், பார்த்தேயிராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று.

அதைவிடக் கொடுமை தேநீர்க்கடைப் பேச்சு. “என்ன பிட்டரே, கடைசியில தொரைக்கு எறங்கிட்டீங்களாமே!” வாச்சர் வாயிலிருந்து கிளம்பிய கதைக்கு மலைமலையாய்க் கால் முளைத்திருந்தது. திரும்பும்போது இறங்காமல் ஓட்டி வந்ததை மட்டும் யாரும் பேசவில்லை. பிட்டரோ தேநீரை ஊதி ஊதிக் குடிப்பார்.

வண்டியை விற்றுவிட்டு ரயிலேற வந்தவரிடம் கேட்டேன்: “ஏன்ணே, யாருக்காக எறங்குனீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“ஒருத்தன் ஆத்தாவப் பறிகொடுத்த கதைய வச்சு எம் மானத்தக் காப்பாத்தச் சொல்றியா? போடா!” என்றார். ரயில் நகர்ந்ததும் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “வேணும்னா நீ சொல்லு. நீ சொன்னா அது நெசம். நான் சொன்னா பீத்தல்.”

டமார் பிட்டர் எந்தத் துரைக்கும் இறங்கியவர் இல்லை. என் அம்மாவுக்காக இறங்கினார்.

சொல்லிவிட்டேன், அண்ணே.