பறிபோகாத மலைக்கு இரண்டு பதக்கம்

மங்காநாட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்கலாம், பெய்த மழை எங்கே போனது என்று கேட்கலாம். பதில் வராது, அவ்வளவுதான். ஆனால் பதக்கத்தை மட்டும் கேட்கவே கூடாது என்று செல்லக்கிளியிடம் அவள் அப்பா மொக்கச்சாமி மூன்று முறை சொல்லியிருந்தார். ஒருமுறை அதட்டி, ஒருமுறை கெஞ்சி, ஒருமுறை அவள் தலையில் கைவைத்து.

அவள் அதைத்தான் கேட்டாள்.

"எங்கப்பா பேர்ல ரெண்டு பதக்கம் விட்டுப்போயிருக்கு. பதிவேட்டுல ஏத்துங்க சார்."

வீரர் பதிவேட்டு மாளிகையின் நான்காம் சன்னலில் இருந்த எழுத்தர் சிகாமணி, பேனா மூடியால் காதைக் குடைந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"விட்டுப்போச்சுன்னு சொல்லாதம்மா. பதிவேட்டுல எதுவும் விட்டுப்போகாது. அதுல இல்லைன்னா அது நடக்கலைன்னு அர்த்தம்."

"நடந்துச்சு சார். பதக்கமே வீட்டுல இருக்கு."

"பதிவேட்டுல இல்லாத பதக்கம் வீட்டுல இருந்தா அதுக்குப் பேரு திருட்டு." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்கல, நீ சொல்லல. படிச்சிருக்கியா?"

"பட்டதாரி சார். எங்க தெருவுக்கே நாந்தான் முதல்."

"அதான்," என்றார் சிகாமணி, விண்ணப்பத் தாளை நீட்டியபடி.

செல்லக்கிளியின் தெருவுக்குக் குடைக்காரத் தெரு என்று பெயர். அந்நாட்டில் ஆண்டுதோறும் வெற்றிநாள் கொண்டாடுவார்கள். அன்று பழைய படைவீரர்கள் எல்லாரும் திடலில் நிற்க வேண்டும். பதிவேட்டில் பதக்கம் உள்ளவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பதக்கமார்பினர் என்று பெயர். பதக்கம் இல்லாதவர்கள் வெறுமார்பினர். அவர்கள் பின்னால் நின்று, ஆளுக்கொருவராக முன்வரிசைக்குக் குடை பிடிக்க வேண்டும். காலையில் தூக்கிய குடையை மாமன்னர் பேசி முடிக்கும்வரை இறக்கக் கூடாது. மாமன்னர் சுருக்கமாகப் பேசியதாக வரலாறு இல்லை.

மொக்கச்சாமி குடை பிடித்தது தளவாய் திருமேனியாருக்கு. கரடிமுடி மலையில் சண்டை நடந்தபோது திருமேனியார் அடிவாரத்தில் கூடாரத்துக்குள் இருந்தார், அதற்கு நான்கு பதக்கம். மொக்கச்சாமி மலை உச்சியில் இருந்தார். அதன் அடையாளமாக அவருடைய வலது தோளில் ஒரு குண்டு இன்னமும் உள்ளே இருந்தது. ஆனால் பதிவேட்டில் அவருக்குக் காயம் எதுவும் எழுதப்படவில்லை. காயம் எழுதப்படாத ஒருவர் கை வலிக்கிறது என்று சொல்வது மங்காநாட்டில் அரச நிந்தனை. எனவே பதினைந்து வெற்றிநாளாக அவர் கை வலிக்காமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

செல்லக்கிளி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அவள் வகுப்பையும் திடலுக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்தில் நின்ற திருமேனியாரின் பேத்தி, "அங்க பாருடி, எங்க தாத்தாவுக்குப் பின்னாடி குடையோட ஒரு ஆளு நடுங்குது. குடிகாரனா இருப்பானோ? உங்க ஊர்ப் பக்கம்தானே, தெரியுமா?" என்றாள்.

"தெரியாது," என்றாள் செல்லக்கிளி.

ஏழடி தூரம்கூட இருக்காது. மொக்கச்சாமி திரும்பவில்லை. குடையை மட்டும் இம்மியளவு சாய்த்துத் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். அது தனக்காகச் செய்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதன்பின் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் குடை சாய்ந்தது. பட்டம் வாங்கி வந்த வாரம், வீட்டு உத்தரத்தில் சொருகியிருந்த பல்பொடி டப்பாவில் கரடித்தலை போட்ட இரண்டு இரும்புப் பதக்கங்கள் கிடைத்தபோது, வரும் வெற்றிநாளில் அப்பா குடை பிடிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். அதற்குத்தான் இந்த விண்ணப்பம்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'உடனிருந்தோர் பெயர்கள்.' படித்தவள் அல்லவா, சான்று இல்லாமல் எதுவும் செல்லாது என்று அவளுக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஐப்பசி முதல் தேதி அப்பா ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் பதினொரு வீடுகளுக்குப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சீப்பை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்புவார். அந்தப் பதினொரு வீட்டு ஆண்களும் கரடிமுடிக்குப் போய்த் திரும்பாதவர்கள். செல்லக்கிளி பதினொரு பெயரையும் முத்து முத்தாக எழுதினாள். எழுதி முடித்து, ஒருமுறை எண்ணியும் பார்த்துக்கொண்டாள்.

நான்காம் நாள் பதிவேட்டு நாயகம் பரமானந்தர் அவளை நேரில் அழைத்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் மாமன்னரின் படம், ஆளுயரத்தில்.

"பெண்ணே, கரடிமுடியை உன் தகப்பனார் மீட்டதாக எழுதியிருக்கிறாய்."

"ஆமாங்க."

"மீட்பதென்றால், முதலில் அது பறிபோயிருக்க வேண்டும்."

"போச்சுங்க. ஒன்பது நாள் அக்கரைக்காரன் கையில இருந்துச்சு."

அறையில் இருந்த நான்கு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அதற்கென்று சட்டம் இருந்தது. 'ஒரு சாண் மண்ணும் போகவில்லை' என்ற ஒற்றை வாசகத்துக்காகவே மக்கள் மாமன்னரை மூன்று முறை தேர்ந்தெடுத்திருந்தார்கள். நான்காம் முறை மக்களுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று மாமன்னரே பெருந்தன்மையோடு சொல்லிவிட்டார்.

"போகாத மலையை யாரும் மீட்க முடியாது," என்றார் பரமானந்தர். "இது வீரத்தைப் பற்றிய கேள்வி அல்ல, தர்க்கத்தைப் பற்றியது. நீ படித்தவள், உனக்குப் புரியும்."

"அப்ப மாமன்னர் நெஞ்சுல இருக்கிறது என்னங்க? அதே கரடித்தலைதானே?"

பரமானந்தர் எழுந்து நின்று படத்தை வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

"அது கரடிமுடி பறிபோகாமல் இருந்ததற்காக மாமன்னர் பெற்றது."

சிகாமணி பதிவேட்டைத் தூக்கி வந்து, விண்ணப்பத்தில் இருந்த பதினொரு பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். அவர் விரல் நின்றது.

"நாயகமே, இந்தப் பதினொரு பேரும் பாசறையில காய்ச்சல் கண்டு இறந்ததா எழுதியிருக்கு. நினைவுக் கல்லுலயும் பேர் இருக்கு. இந்தப் பொண்ணு சண்டையில செத்தாங்கங்குது."

"சண்டையே இல்லையே," என்றார் பரமானந்தர் யோசனையோடு. "சண்டை இல்லை என்றால் பாசறை எதற்கு? பாசறை இல்லை என்றால் காய்ச்சல் எப்படி வரும்?" அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "பெண்ணே, நாடு உனக்குக் கடமைப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டுப் பிழை ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாய்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

முதல் ஆணை அந்த வாரமே வந்தது. கரடிமுடியில் காய்ச்சல் என்பதே இருந்ததில்லை. ஆகவே அப்பதினொருவரும் இறக்கவில்லை, நீண்ட விடுப்பில் இருக்கிறார்கள். நினைவுக் கல்லில் இருந்த பெயர்களை உளி வைத்துச் சுரண்டினார்கள். அடுத்த வாரம் இரண்டாவது ஆணை. கணவர் விடுப்பில் இருக்கும் பெண்கள் கைம்பெண் கோலத்தில் இருப்பது அரசை அவமதிப்பதாகும். ஒரு குங்குமச் சிமிழும் மல்லிகைச் சரமுமாக அரண்மனைப் பெண்கள் வீடு வீடாக வந்தார்கள்.

அந்தப் பதினொரு பெண்களில் ஒருத்தியான பஞ்சவர்ணம் தெருக்குழாயடியில் நின்றிருந்தாள். பதினாறு வருடமாக வெறும் நெற்றி. இப்போது அதில் காலணா அளவுக்குப் பொட்டு, தலையில் பூ. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் கவனிக்கவில்லை.

"அத்தை..." என்றாள் செல்லக்கிளி.

"வாடி, படிச்ச மகராசி. எப்படி இருக்கேன் பாரு. புதுப்பொண்ணு மாதிரி இல்ல?" பஞ்சவர்ணம் சிரித்தாள். "எம்மகன் கேக்கான், அப்பா லீவுல இருந்தா எப்பம்மா வருவாருன்னு. சொல்லு, நீதான எழுதிக் குடுத்த, நீயே வந்து சொல்லு."

"தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை. மன்னிச்சு..."

"மன்னிப்பெல்லாம் கேக்காத. கேட்டா நான் ஏதாவது சொல்லணும். எங்கிட்ட ஒண்ணும் இல்ல." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பூச்சரம் முகத்தில் விழுந்தது. தள்ளிவிடக் கை இல்லாமல் அப்படியே நடந்தாள்.

வீட்டில் மொக்கச்சாமி தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு பேரையும் எழுதுனியா?"

"சாட்சின்னு நெனச்சேம்ப்பா."

"காய்ச்சல்னு எழுத வச்சதே நாந்தான் புள்ள." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "பதக்கத்தக் குத்திவிட்டுட்டு, அப்புறம் சண்டையே நடக்கலன்னுட்டானுக. செத்தவங்க பேர எங்க எழுதறதுன்னு பாசறை எழுத்தனுக்குத் தெரியல, நல்ல மனுசன், அழுதான். என் பதக்கம் ரெண்டையும் விட்டுடு, காயத்தையும் விட்டுடு, நான் வாயத் தொறக்க மாட்டேன், இவுங்களக் காய்ச்சல்லயாவது சாகவிடுன்னேன். கல்லுல பேராவது நிக்கட்டும்னுதான்."

எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. அவள் 'தெரியாது' என்று சொன்ன அந்த வெற்றிநாளைப் பற்றி இப்போதாவது பேசிவிட வேண்டும் என்று நினைத்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பதினைந்து வருடம் அவர் தூக்கிப் பிடித்தது திருமேனியாருக்கு அல்ல, பதினொரு வீட்டுக்கு. அதைத்தான் அவள் முத்து முத்தான கையெழுத்தில் கிழித்துப் போட்டிருந்தாள்.

மூன்றாவது ஆணை வந்தது. விடுப்பில் ஏழாண்டைத் தாண்டியவர் ஓடிப்போனவர். ஓடிப்போனவர் வீட்டுக் கதவில் குறுக்கே ஒரு கறுப்புத் தார்ப்பட்டை அடிக்கப்படும். அடித்த பட்டையை அழிப்பது குற்றம். பட்டை விழுந்த வீட்டார் எவரும் வெற்றிநாள் திடலுக்குள் கால்வைக்கக் கூடாது. அதே நாளில் செல்லக்கிளிக்கும் ஓர் ஓலை வந்தது. பிழை கண்டுபிடித்த அவள் கூர்மையைப் பாராட்டி, பதிவேட்டுத் துணை அலுவலர் பதவி தருகிறார்களாம். முதல் பணி, பதினொரு கதவுகளுக்கும் பட்டை அடிப்பது. வெற்றிநாளுக்கு முந்தைய காலை வந்து பொறுப்பேற்க வேண்டும்.

இரண்டு நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் ஓலையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஞ்சவர்ணத்தின் கதவில் ஆரம்பித்து, ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். சிலர் அவளைத் திட்டினார்கள். ஒருவர் துப்பினார். அவள் துடைத்துக்கொண்டு, வந்த காரியத்தைச் சொல்லி முடித்துவிட்டே அடுத்த கதவுக்குப் போனாள். பஞ்சவர்ணம் கடைசிவரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுக்காரர் தயங்கியபோது, "ஏன், உங்க கதவு மட்டும் பளபளன்னு இருக்கணுமாக்கும்?" என்று கேட்டவள் அவள்தான்.

குறித்த காலையில் பரமானந்தர் அவளை வரவேற்றார். இன்னொரு நல்ல செய்தியும் வைத்திருந்தார்.

"உன் தகப்பனாரின் பதிவேட்டைத் திருத்திவிட்டோம். அவருக்கு ஒரு பதக்கம் ஏறியிருக்கிறது."

"எதுக்குங்க?"

"பதினைந்து ஆண்டுகள் குடையைச் சாய்க்காமல் பிடித்தமைக்கு."

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். அவர் எதையோ மறைக்கிறார் என்பதுபோல இருந்தது, அழுகையாகவும் இருக்கலாம்.

"ஒருதடவை சாச்சிருக்காருங்க," என்றாள் செல்லக்கிளி. "நாந்தான் காரணம். அந்தப் பதக்கம் செல்லாது."

பரமானந்தருக்குப் புரியவில்லை. புரியாதவற்றைக் கடந்துபோகும் பயிற்சி அவருக்கு உண்டு. "சரி, பணிக்கு வருவோம். ஐயம் ஏதேனும்?"

"ஒண்ணு இருக்குங்க. தப்பான கதவுல பட்டை விழுந்துட்டா அழிச்சிடலாமா?"

"அரசு அடித்த பட்டை தவறாக முடியாது. கதவில் இருப்பது அப்படியே பதிவேட்டில் ஏறும். பதிவேட்டில் பிழை இருக்க முடியாது என்பதை நீ அறிவாய்."

"எழுதிக் குடுங்க."

முத்திரையிட்டு எழுதிக் கொடுத்தார். சிகாமணி ஒரு சிறு தார்ச்சட்டியும் தென்னம்பாளைத் தூரிகையும் கொண்டுவந்து வைத்தார்.

"இது பத்தாது சார்."

"பதினொரு கதவுதானம்மா?"

"பெரிய பானையாக் குடுங்க."

பதவியேற்ற அன்றே இவ்வளவு ஆர்வமா என்று பரமானந்தர் நெகிழ்ந்துபோனார். "பார்த்தீரா சிகாமணி, படித்த பிள்ளைகள்!"

சிகாமணி பார்த்தார். பானையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். குடைக்காரத் தெருவில் மொத்தம் நூற்று நாற்பது கதவுகள் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது. நாளை திடலில் விரிய வேண்டிய குடைகள் அத்தனையும் அந்தத் தெருவிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இருக்கிறது. அவர் உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய பானையைத் தூக்கி வந்தார்.

"பார்த்துப் போம்மா. நாளைக்கு நல்ல வெயில் இருக்கும்கிறாங்க," என்றார்.

மாமன்னரின் படத்தில் கரடித்தலை மின்னியது. செல்லக்கிளி முத்திரைத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, பானையை இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாகத்தான் இருந்தது. யாரிடமும் விடைபெறாமல் படியிறங்கினாள். முதல் பட்டை எந்தக் கதவில் என்று தெருவில் எவரும் கேட்கவில்லை. மொக்கச்சாமி காலையிலேயே தன் கதவைத் துடைத்து, நிலையில் கட்டியிருந்த மாவிலையை அவிழ்த்து வைத்திருந்தார்.