நான் வராத வெள்ளிக்கிழமை

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று டாக்டர் சொன்னபோது நான் குழம்பவில்லை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னபோதும் குழம்பவில்லை. கீமோவில் முடியெல்லாம் கொட்டி, ஒரு நாள் காலை கண்ணாடியில் என் அப்பாவின் முகம் தெரிந்தபோதுகூட, "என்னப்பா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பல் துலக்கப் போனவள் நான். அப்படிப்பட்ட என்னைக் கவிழ்த்துப் போட்டது ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை. இன்றைக்கும் யாராவது என்னிடம் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டால், வீட்டில் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்கள். தோள் மட்டும் குலுங்கும்.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து மாசாயில் முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறேன். வாசலில் நுழைகிற பெண்ணைப் பார்த்தே சுற்றளவு சொல்லிவிடுவேன், கால் அங்குலம் தப்பாது. "அளவுன்னா ராஜி, ராஜின்னா அளவு" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. (பேசியவள் நான்தான். வேறு யாரும் சொல்லி நானும் கேட்டதில்லை.) இந்தத் திமிரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ முடிந்ததும் கடைசிக் கட்டமாக இருபத்தைந்து நாள் கதிர்வீச்சு என்றார்கள். ஜொகூர் பாருவில் பெரியாஸ்பத்திரி. முதல் நாள் நூருல் என்கிற மலாய்ப் பெண், கதிர் எங்கே விழவேண்டும் என்பதற்காக என் மேல் பேனாவால் கோடு போட்டாள். முப்பது வருடம் ஊரார் துணியில் கோடு போட்டவள் மேல் ஒருத்தி கோடு போடுகிறாள். "தையலுக்கு அரை அங்குலம் விட்டியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கோடு கோணலாகி, துடைத்துவிட்டு மறுபடியும் போடவேண்டியதாயிற்று.

அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அழுதுகொண்டு வந்தாலும் இருபத்தைந்து நாள், சிரித்துக்கொண்டு வந்தாலும் இருபத்தைந்து நாள். சிரித்தே முடிப்போம். தினமும் குடும்ப வாட்சப் குழுவில் நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவேன். நாற்பத்து மூன்று கும்பிடு பொம்மைகள் திரும்பி வரும்.

காத்திருக்கும் அறையில் காலை பத்து மணிக்காரர்கள் நாங்கள் மூன்று பேர். நான், தம்போயிலிருந்து வரும் கக் ரோஹானி (கக் என்றால் மலாயில் அக்கா), பெக்கான் நானாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் அங்கிள் லிம். அங்கிளுக்கு எழுபது வயதுக்கு மேலே, மனைவி இல்லை, தொண்டையில் புற்றுநோய். குரல் காற்றாகத்தான் வரும். என்னை "அமோய்" என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பெண்களைச் சீனர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். (ஐம்பத்தொரு வயதில், மொட்டைத் தலையோடு! அவருக்காக நான் எதையும் செய்வேன்.) நாங்கள் பேசிக்கொண்டது பாசார் மலாயில், அதாவது சந்தையில் பேசுகிற கலப்பு மலாயில். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

அந்த அறையில் ஏர்கோன் ஐஸ் பெட்டி மாதிரி வீசும். காற்று படாத நாற்காலி ஒன்றே ஒன்றுதான், மூலையில். முதல் வாரமே அதை நான் பிடித்துக்கொண்டேன். அங்கிள் லிம் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எதிரே நடுங்குவார். "என் கடைசி நாள்ல இந்தச் சிம்மாசனம் உங்களுக்குத்தான் அங்கிள்" என்று பெரிய மனதோடு அறிவித்திருந்தேன். (அன்றைக்கே எழுந்து கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். எனக்கும் இப்போதுதான் தோன்றுகிறது.)

மூன்றாவது வாரம் ஒரு நாள் அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார். "அமோய், நான் நிறுத்திடலாம்னு இருக்கேன். விழுங்க முடியல. பஸ் ஏற முடியல. யாருக்காக இதெல்லாம்?"

"என் கடைசி நாளுக்கு நீங்க வந்து கை தட்டணும். நாற்காலியை வாங்கிக்கணும். அப்புறம் நிறுத்துறதைப் பத்திப் பேசலாம்" என்றேன்.

"சரி. அதுவரைக்கும் வரேன்" என்றார். அவர் சிகிச்சையை ஒரே ஒரு தேதியில் கட்டித் தொங்கவிட்டு விட்டேன். அந்தத் தேதி என்ன என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதைச் சொல்ல எங்கள் ஊர் கூத்தைச் சொல்லவேண்டும். ஜொகூரில் ரொம்ப வருடமாக வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் திறந்திருக்கும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர் செல்வத்துக்கோ சனியும் ஞாயிறும். ஒரே கட்டிலில் இரண்டு காலண்டர். இந்த லட்சணத்தில், புது வருடத்திலிருந்து ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை என்று அறிவித்தார்கள். நான்கூட வாடிக்கையாளர்களிடம் மணிக்கணக்காக அதைப் பேசினேன். ஆனால் புது வருடம் பிறந்தது புதன்கிழமை. அங்கேதான் என் மூளை தைக்க உட்கார்ந்தது.

வாரத்தின் நடுவில் யாராவது வாரத்தை மாற்றுவார்களா? பாதி தைத்த ரவிக்கையில் துணியை மாற்றுவோமா? ஆகவே இந்த வாரம் பழைய வாரம், வெள்ளி சனி லீவு. ஞாயிறு புது வாரம் ஆரம்பம், ஆஸ்பத்திரி திறக்கும். அந்த வாரக் கடைசியில் சனி ஞாயிறு லீவு. கச்சிதம்! சுவர்க் காலண்டரில் தையல் சாக்பீஸால் வியாழனில் 24, ஞாயிற்றில் 25 என்று எழுதி வட்டம் போட்டேன். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டேனா? அளவுன்னா ராஜி ஆயிற்றே.

வியாழக்கிழமை நூருல் கதவிலிருந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் கக் ரோஹானியிடம், அளவெடுத்த பிறகு பத்து கிலோ ஏறி வந்த கல்யாணப் பெண்ணின் கதையை உச்சக்கட்டத்துக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தேன். "ஓகே, ஓகே" என்று கையை ஆட்டிவிட்டேன். அவள் சொன்னது, "ஆன்ட்டி, நாளைக்குக் கடைசி நாள், பத்து மணிக்கு வந்துடுங்க" என்பது. கிளம்பும்போது நான் அங்கிள் லிம்மிடம், "கடைசி நாளை மறந்துடாதீங்க" என்றேன். அவர் கட்டைவிரலை உயர்த்தினார். நூருல் சொன்னதைக் கேட்டிருந்த அவருக்குத் தேதி தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். இங்கே ஒரு விஷயம்: அதற்கு முந்தின வாரம்தான், போலீஸிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் பண்ணி, என் பெயரில் சந்தேகப் பார்சல் வந்திருப்பதாகப் பயமுறுத்தினான். நாட்டில் எல்லோருக்கும் வருகிற மோசடிப் போன்தான். அவனைத் திட்டாமல் விட்டுவிட்டோமே என்று எனக்கு வாரம் முழுக்க வாய் அரித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவை எடுத்தேன்.

"புவான் ராஜேஸ்வரி வீடா? ஆஸ்பத்திரியிலேருந்து பேசறோம்" என்றது மலாயில் ஒரு புதுப் பெண்குரல்.

"வாடி!" என்றேன். "போன வாரம் போலீஸ், இந்த வாரம் ஆஸ்பத்திரியா? வெள்ளிக்கிழமை எந்த கவர்மெண்ட் ஆபீஸ்டி தொறந்திருக்கு? பொய் சொன்னாலும் காலண்டரைப் பார்த்துட்டுச் சொல்லக் கூடாதா?"

பாதி தமிழ், பாதி மலாய், அடியில் மிஷினின் கடகடப்பு. ஆத்திரத்தில் கத்தினால் என் குரல் உடைந்துபோய், கேட்கிறவர்களுக்கு ஒப்பாரி மாதிரி இருக்கும். (இது செல்வத்தின் இருபத்தாறு வருட ஆராய்ச்சி.) கத்தி முடித்து, போனை வைத்து, அந்த நம்பரையும் தடுத்துவிட்டேன். அதோடு நின்றேனா? 'காலண்டர் பார்க்கத் தெரியாத திருடி' என்று குடும்பக் குழுவில் முழுக் கதையும் போட்டேன். நாற்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். பாதிப் பேர் கோலாலம்பூர், மீதிப் பேர் சிங்கப்பூர். ஜொகூர் வெள்ளிக்கிழமை அவர்களுக்கு என்றைக்குப் புரிந்தது?

ஞாயிற்றுக்கிழமை விடியலிலேயே எழுந்து இருநூறு பருப்பு வடை சுட்டேன். ஒரு டப்பா கேசரி. இரண்டு கார், பதினோரு பேர். என் கொழுந்தன் மணி உறுமி மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "அண்ணி வெளிய வர்றப்போ ஒரு தட்டு தட்டுறேன்" என்று ஆசை. ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. "பாத்தீங்களா, நமக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க" என்றேன்.

கதிர்வீச்சுப் பிரிவின் கதவில் பூட்டு. பக்கத்தில் நம்மாள் ஒருவர், காவலாளி.

"யக்கா, எங்க இவ்ளோ பேரு?"

"கடைசி ட்ரீட்மெண்ட் தம்பி. திறக்கச் சொல்லுங்க."

"இன்னைக்கு லீவுக்கா. ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை திறப்பாங்களே!"

"அது போன வாரம்க்கா."

"அப்போ வெள்ளிக்கிழமை?"

"தொறந்திருந்துச்சே. ஒரே கூட்டம்."

மீதிப் பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். செல்வம் மெதுவாகக் கேட்டார். "ராஜி, அப்போ வெள்ளிக்கிழமை உனக்குப் போன் பண்ண அந்தத் திருடி..."

"அலமாக், போச்சு!" என்றான் மணி. கை தவறி உறுமி ஒரு தடவை "உம்ம்" என்றது.

கார் நிறுத்துமிடத்தில் நின்று எல்லோரும் வடை தின்றார்கள். காவலாளி தம்பி ஆறு தின்றார். சிரித்துச் சிரித்து என் நாத்தனாருக்கு விக்கல் எடுத்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், திடீரென்று அங்கிள் லிம் ஞாபகம் வரும்வரை. வெள்ளிக்கிழமை அவர் வந்திருப்பாரே! என்னைக் காணாமல் என்ன நினைத்திருப்பார்? போன் பண்ணலாம் என்று எடுத்தேன். அவர் நம்பர் என்னிடம் இல்லை. கக் ரோஹானி நம்பரும் இல்லை. நாற்பத்து மூன்று பேருக்குத் தினமும் பேசினேன். பக்கத்து நாற்காலியில் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தவர்களின் நம்பரைக் கேட்கத் தோன்றவில்லை. கையிலிருந்த வடையை டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை செல்வம் லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிப்போனார். நூருல் என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள், அப்புறம் நன்றாகத் திட்டினாள். டாக்டரைக் கேட்டுவிட்டு, அன்றைக்கே முடித்துவிடலாம் என்றாள். உள்ளே கக் ரோஹானி ஓடி வந்து கட்டிப்பிடித்து, அதே கையால் என் தொடையில் கிள்ளினார்.

"அங்கிள் உன் நாற்காலில யாரையும் உட்கார விடல. மேல உனக்குன்னு கொண்டாந்த அன்னாசிப்பழத்தை வெச்சுட்டுக் காவல் நின்னார்" என்றார். "கவுண்டர்லேருந்து உனக்குப் போன் பண்ணாங்க. புதுப் பொண்ணு. திரும்பி வந்து, 'யாரோ அழுது கத்துறாங்க, ஒண்ணும் புரியல'ன்னு சொல்லிட்டா. அங்கிள் தொப்பியைக் கழட்டிட்டார்."

"அவர் ட்ரீட்மெண்ட்?"

"உள்ளயே போகல. பழத்தை அங்கயே விட்டுட்டுப் போயிட்டார். இன்னைக்கும் காணோம்."

பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். இருபத்தைந்தாவது நாள். மேளம் இல்லை, வடை இல்லை, கை தட்ட ஆள் இல்லை. மெஷினுக்கு அடியில் படுத்ததும் அழுகை வந்துவிட்டது. நோய்க்காக அழவில்லை. ஒரு மனிதரை என் பேச்சை நம்ப வைத்து, அந்தப் பேச்சாலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேனே என்று அழுதேன். ஒலிபெருக்கியில் நூருல், "ஆன்ட்டி, அசையாதீங்க" என்றாள். அசையாமல் அழுவது எவ்வளவு கஷ்டம் என்று படுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். கவுண்டரில் ஒருவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இரண்டு கையிலும் ஏந்திய ஒரு வெள்ளைக் கவர். சீனர்கள் நல்லதுக்குப் பணம் வைத்துக் கொடுப்பது சிவப்புக் கவர், அங்பாவ். வெள்ளை சாவுக்கு. காற்றுக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்: "மாசாய்ல அந்தத் தையல்கார அமோய் வீடு எங்க இருக்கு? நான் போய்க் கும்பிட்டு வரணும்."

"அங்கிள்!" என்றேன்.

திரும்பினார். மூன்று வாரமாக அந்தத் தொண்டையில் வராத சத்தம் அன்றைக்கு வந்தது. அறையே எழுந்து நின்றது.

"அமோய்! நீ செத்துட்டியே!" என்றார். நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்டேன் என்கிற தொனி.

"இல்ல அங்கிள். வெள்ளிக்கிழமை லீவுன்னு நினைச்சுட்டேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். செல்வத்தைப் பார்த்தார். செல்வம், "ஆமா அங்கிள், இவ எப்பவும் இப்படித்தான்" என்று உறுதிப்படுத்தினார். அங்கிள் லிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொண்டை வலித்தது, ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான் அவர் கையைப் பிடித்து மூலை நாற்காலியில் உட்கார வைத்தேன். "இனி வரவேண்டாம்னுதான் இருந்தேன்" என்றார். "அப்புறம், அந்தப் பொண்ணு வீட்டுக்காவது போகணுமேன்னு பஸ் ஏறினேன்." நான் பேச வாயெடுப்பதற்குள், "இரு, முடிச்சுட்டேல்ல?" என்று கேட்டு, கவரை என் கையில் கொடுத்துவிட்டு மூன்று தடவை கை தட்டினார். கக் ரோஹானியும் தட்டினார். நூருல் கதவைத் திறந்து அவர் பேரைக் கூப்பிட்டாள். எழுந்தார். போனார்.

அவர் திரும்பி வந்ததும் கவரை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "சாவுக்குன்னு எடுத்ததை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. நீயே வெச்சுக்க. என்னைக்காவது தேவைப்படும்."

அதற்கப்புறம் அவருக்கு இருந்த ஒவ்வொரு நாளும் நான் போனேன், கிழமையை நூருலிடம் எழுதி வாங்கிக்கொண்டு. அவருடைய கடைசி நாளில் மணி உறுமியைத் தட்டியே விட்டான், காவலாளி வந்து நிறுத்தும்வரை. இப்போது அங்கிளுக்குக் குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் பண்ணி, "அமோய், இன்னைக்குத் தொறந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

வெள்ளைக் கவர் என் தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்குக் கீழே, ஒட்டியது ஒட்டியபடி இருக்கிறது. வாடிக்கையாளர் யாரிடமாவது நான் அளவைப் பற்றிப் பெருமையடிக்க ஆரம்பித்தால் செல்வம் கூடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"ராஜி, அந்தக் கவரைத் திறக்கட்டுமா?"

"இன்னும் நாள் இருக்கு. வைங்க."