சுடாத வில்லை

மனித உடம்பைப் பற்றிப் பெரிய பெரிய டாக்டர்களுக்குத் தெரியாததெல்லாம் எங்கள் சாம்பிளுக்குத் தெரியும். பழமலைநாதர் சன்னதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

அறுபதுகளின் கடைசியில், நான் குமாஸ்தாவாக இருந்த பீங்கான் தொழிற்சாலையில் மண் சோதிப்பவர் அவர். எதைக் கண்டாலும் சாம்பிள் எடுப்பார். கல்யாண வீட்டுச் சாம்பாரைக்கூட விட்டதில்லை. அதனால் அந்தப் பெயர். மண் அலுத்துப்போய் மனிதர்களிடம் வந்தார். ஊழியர்களின் இடுப்பைச் சணலால் அளந்து, பெயர்ச்சீட்டு கட்டி, ஆய்வறைச் சுவரில் தொங்கவிட்டார். தலைமைக் குமாஸ்தாவின் சணல் மட்டும் தரையில் புரண்டது.

அடுத்தது நாடி. மண் சுமக்கும் அஞ்சலையையும் தலைமைக் குமாஸ்தாவையும் மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னார். சாம்பிள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடிப்பதற்குள் அந்த அம்மாளின் நாடி பழைய நிலைக்கு வந்துவிட்டது. தலைமைக் குமாஸ்தாவுக்கு டீ வந்து, ஆறி, குடித்து முடித்தும் வரவில்லை. சாம்பிள் அஞ்சலையைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இன்னா சார், மண்ணு சுமக்கறதுக்கெல்லாமா கும்புடுவாங்க" என்று அந்த அம்மாள் வேலையைப் பார்க்கப் போனார்.

இனி என் கதை. என் அப்பா நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர். எனக்கு அப்போது முப்பத்தெட்டு. ஆபீசுக்கு ரிக்‌ஷா, சாயங்காலம் நாலு பஜ்ஜி. தினமும் நடக்காவிட்டால் அப்பா போன வழிதான் என்று டாக்டர் சொன்னார். மனைவி அழுதாள். நாளை முதல் என்றேன். ஆறு மாதமாகியும் அந்த நாளை வரவில்லை.

விஷயம் சாம்பிள் காதுக்குப் போனது. ஒரே மண்ணில் செய்த இரண்டு வில்லைகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணு சூளைக்குப் போவும். ஒண்ணு சுடாம ஷெல்ஃபுலயே இருக்கும். ரெண்டையும் வச்சிப் பாத்தாதான் ஆராய்ச்சி. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. நீங்க நடங்க, நான் உக்காந்துக்கறேன். எனக்கு வேற ஆளு இல்ல சார்."

உதவி என்று யார் கேட்டாலும் எனக்கு மறுக்க வராது. ஐந்து மைல் நடந்தே வேலைக்கு வரும் அந்த மனுஷர் மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் மணிமுத்தாறுவரை நடந்தேன். என் நாலு பஜ்ஜியும் ஆராய்ச்சியில் சேர்த்தியாம்; எண்ணெய்ப் பண்டமே பிடிக்காதவர், விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு தினமும் அவற்றைத் தின்று முடிப்பார். நான் ஒரு நாள் நடக்காவிட்டாலும் எல்லாம் பாழ் என்பார். அதற்குப் பயந்து மழையிலும் நடந்தேன்.

ஒரு வருஷத்தில் என் சணல் நாலு விரற்கடை குறைந்தது. அவருடையது ஆறு விரற்கடை ஏறியது. எட்டே படி ஏறிவந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. போதும், விட்டுவிடுங்கள் என்றேன். இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும் என்றார்.

"இன்னும் இன்னா தெரியணும் உங்களுக்கு?"

"தெரியறதுக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சலை நாடியப் புடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். நீங்க நாப்பதத் தாண்டணும் சார், அவ்ளோதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மைல் நடந்துபோய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பஸ்ஸில் ஏறவிடாமல் நடத்தியே கூட்டிவந்தேன். வழியெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. அந்த ஒரு வருஷத்தில் அன்றுதான் நான் மெதுவாக நடந்தேன்.