எட்டாவது கோடு

தூண்டில் நூல் அறுந்தபோது மீன் போனதில் ஹாமோவுக்கு வருத்தமில்லை. பாரத்துக்காக முனையில் கட்டியிருந்த ஈய வில்லையும் ஆற்றோடு போனதுதான் வம்பு.

அது அவன் மனைவி ஏவிஸின் தக்ளி வில்லை. கம்பளி நூற்கும்போது தக்ளி நின்று சுழல அடியில் கோப்பது. மேலே சூரியன்போல எட்டுக் கோடுகள், எட்டாவது மட்டும் கோணல். ஸ்வேல் ஆற்றங்கரையில் பெண் கேட்கிறவன் தன் கையாலேயே இப்படி ஒன்று செய்து கொடுக்க வேண்டும். ஹாமோவும் கொடுத்தான். "என் வீட்டுக்காரர் கைவேலை!" என்று ஏழு வருடமாக ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டிருக்கிறாள் ஏவிஸ்.

உண்மையில் அது, கோவில் கூரைக்கு ஈயத் தகடு அடிக்கும் தர்ஸ்டனிடம் இரண்டு கோழி கொடுத்து வாங்கியது. இது தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

அம்மா வீட்டுக்குப் போனவள் மாலைக்குள் வந்துவிடுவாள். "ஈயம் உருக்கறது என்ன பெரிய வித்தையா?" என்று ஹாமோ துணிந்து இறங்கினான்.

பீர் காய்ச்சும் ஈயத் தொட்டியின் விளிம்பில் ஒரு துண்டு வெட்டினான். உளி வழுக்கித் தொட்டி ஓட்டையானது. போகட்டும். அச்சுக்காக டர்னிப் கிழங்கைப் பாதியாக்கி, கோடுகளைக் குடைந்து, உருக்கிய ஈயத்தை ஊற்றினான். ஈரம் பட்ட ஈயம் சீறித் தெறித்துப் பாதித் தாடியைப் பொசுக்கியது. வில்லை மிதிபட்ட வறட்டி மாதிரி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஏவிஸ் உள்ளே வந்தாள்.

"என்னய்யா கோலம் இது?"

"அது... பழசு தேஞ்சு போச்சுல்ல? உனக்குப் புதுசா ஒண்ணு..."

ஏவிஸ் தொட்டியைப் பார்த்தாள், தாடியைப் பார்த்தாள்.

"உங்க கையாலயா? அப்ப நாளைக்கு எல்லார் முன்னாடியும் செய்ங்க. அக்கம்பக்கத்துல சொல்லிட்டு வந்துடறேன்."

"வேண்டாம்டீ!"

"எட்டாவது கோடு கோணலாவே இருக்கட்டும். அதுதான் அழகு."

அவள் கிளம்பியதுமே ஹாமோ ஓடினான். இனி பின்வாங்க வழியில்லை. கோவிலில் தர்ஸ்டனின் ஏணியடியில் போய்த்தான் நின்றான்.

"அண்ணே, அந்த எட்டுக்கோடு வில்லையை வார்த்த அச்சுக்கல்லைக் குடுங்க. எத்தனை கோழி வேணும்னாலும் கேளுங்க."

"எங்கிட்ட ஏது தம்பி? அதை அப்பவே திருப்பிக் குடுத்தாச்சு, உன் வீட்டுலதான் இருக்கும்."

"எங்க வீட்டுலயா?"

தர்ஸ்டன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அதைச் செதுக்கினதே ஏவிஸ்தானப்பா. 'ரெண்டு வருஷமா எங்க வேலியோரம் நின்னு வாயே திறக்காம பார்த்துட்டிருக்கான் அந்த ஹாமோ, இதுல ஒண்ணு வார்த்து எப்படியாவது அவன் தலையில கட்டிடுங்கண்ணே'ன்னு அதுதான் கல்லைக் கொண்டாந்து குடுத்துச்சு!"