மயில் பார்டரை மீட்ட சாஃப்ட்வேர்

ஆரணி,
ஞாயிறு, பூசை முடிந்த மதியம்.

அன்பு மச்சான் ரெஜிக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா சகாயமேரியும் மகள் ரீனாவும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

பெங்களூருக்குப் போகுமுன் உன் பழைய கம்ப்யூட்டரை எங்கள் மாடிப்படிக்குக் கீழே வைத்து, "இதான் மாமா இனிமே நம்ம வீட்டு சர்வர். எல்லா லேப்டாப்பும் இதுல பேக்கப் ஆவணும். சாஃப்ட்வேர் மட்டும் நீங்க பாத்து எடுத்துக்குங்க" என்றாயே, அன்று போன நிம்மதி நேற்றுதான் திரும்பி வந்தது. முதலில் போட்ட சாஃப்ட்வேர் எதையும் விடவில்லை. உன் அக்காவுக்குக் காலை வணக்கமாக வந்த ரோஜாப்பூப் படங்களையே சுமந்து சர்வர் நிரம்பிவிட்டது. அதை எடுத்துவிட்டு இரண்டாவதைப் போட்டேன். இங்கே அழித்தால் அது அங்கேயும் அழித்துவிடுமாம். நான் இடம் பண்ண லேப்டாப்பில் பழைய படங்களை அழிக்க, உன் அக்காவின் வேளாங்கண்ணிப் பயணம் இரண்டு இடத்திலும் காணோம். "பத்திரமா வைக்கிறேன்னு சொல்லிகினே மாதாவயே காணாம அடிச்சிட்டீங்களே! உங்களோட ஒரே பேஜாரா போச்சு" என்றாள். பிறகு, பழைய பிரதிகளையும் விடாமல் வைத்துக்கொள்ளும் மூன்றாவதை நன்றாகப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

நேற்றுக் காலை ரீனா கல்யாணப் புடவை ஒன்றுக்கு மயில் பார்டர் வரைந்து முடித்திருந்தாள். மாலையில் டிசைன் தறிக்காரர் கைக்குப் போகவேண்டும். நான் சொம்பு மோரோடு குறுக்கே போய் ஒயரில் கால் இடறினேன். மோர் முழுவதும் அவள் லேப்டாப்பில். ஒரு 'சுர்', அப்புறம் திரை இருட்டு. "அப்பா! ஒரு மாச வேலைப்பா!" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உன் அக்காதான், "அழுதுகினு இருந்தா ஆவுமா? என் லேப்டாப்ப எடு, ஜல்தி" என்று சொல்லி, தானே சர்வருக்குள் போய் எதையோ அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மயில் வந்தது மச்சான்! அன்று காலை மாற்றிய கழுத்து நிறம்கூட அப்படியே. ரீனா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும்தான். சகாயமேரியே இயக்கும் அளவுக்கு எளிதான சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், பார்!

உன் நண்பர்கள் யாருக்காவது இதில் சந்தேகம் என்றால் தயங்காமல் என் நம்பரைக் கொடு. பிள்ளைகளுக்கு என் ஆசீரும் முத்தங்களும்.

இப்படிக்கு,
மாமா சிங்கராயர்,
தலைமையாசிரியர் (ஓய்வு)

பி.கு.: ரீனா இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் தேர்ந்தெடுத்தது ஒருநாள்கூட ஓடவில்லையாம். கடவுச்சொல் கேட்டபடி நின்றிருந்ததாம். மாதா படம் போன மறுநாளே அக்கா உனக்கு போன் பண்ணி, நீ அங்கிருந்தே வேறொன்றைப் போட்டுக் கொடுத்தாயாம். "அவரு மனசு நோவும், சொல்லாதடா" என்றாளாம். சரி, எனக்குத் தெரிந்துவிட்டதென்று நீயும் அவளிடம் சொல்லாதே.